சாலையும் பரணும்

குடும்பத்தோடு வெளியூர் போவதென்றால் நம்மவர் முன்பெல்லாம் க்ஷேத்திரங்களைத் தேடிப் போனார்கள். இப்போது காடுகளைத் தேடிப் போகிறார்கள். தேடும் பொருள் மாறியிருக்கிறதே தவிர, தேடுகிற மனோபாவம் அதிகமாக மாறிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. கோயிலுக்குப் போய்த் திரும்பியவரிடம் தரிசனம் நன்றாகக் கிடைத்ததா என்று விசாரித்த அதே குரலில்தான், முதுமலைக்கோ பந்திப்பூருக்கோ போய்த் திரும்பியவரிடம் யானையைப் பார்த்தீர்களா, புலி தென்பட்டதா என்று விசாரிக்கிறோம்; ஒன்றும் தென்படவில்லை என்று அவர் சொல்லிவிட்டாலோ, அந்த மனிதருடைய பிரயாணமே வியர்த்தமாகிவிட்டதென்று ஓர் அனுதாபம் நம் முகத்தில் தானாக வந்து படிந்துவிடுகிறது. கோயிலில் சுவாமியைக் கண்டு திரும்புகிறவன் உண்டியலிலாவது ஏதோ போட்டுவிட்டு வருகிறான். காட்டில் கண்டு திரும்புகிறவனுக்காக யார் என்ன போடுகிறார்கள் என்ற விஷயம், சென்ற மார்கழியின் தொடக்கத்தில் தாளவாடிக்குப் போய் வந்த பிறகுதான் என் மனத்தில் ஒரு கேள்வியாக உருவெடுத்தது.

நாங்கள் காட்டைப் பார்ப்பதற்காகப் புறப்பட்டவர்கள் அல்லர். என் தகப்பனாருக்குப் பால்யத்திலிருந்து பழக்கமான குடியானவர் ஒருவர், தாளவாடிக்கு அப்பால் காட்டோரமாக இருக்கும் தம்முடைய நிலத்தில் ராகி அறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லையென்று தொலைபேசியில் வருத்தப்பட்டபோது, "நாங்க வர்றமுங்க" என்று என் தாயார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். எழுபது வயதைக் கடந்த ஒருத்தி கொடுத்த வாக்கைக் காப்பாற்றியாக வேண்டிய நிர்ப்பந்தத்தில், மனைவியும் குழந்தைகளும் நானுமாக அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து சத்தியமங்கலம் வழியாகக் கிளம்பினோம். தாளவாடி என்றால் பலருக்கு 2000-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திக்கொண்டு போன காஜனூர் மாத்திரமே நினைவுக்கு வரும். அது விளைகிற பூமி என்பதும், ராகியும் முட்டைக்கோசும் மக்காச்சோளமும் வாழையும் கரும்பும் அங்கிருந்து நமக்கு வருகின்றன என்பதும் அவ்வளவாகத் தெரிந்த சங்கதிகள் அல்ல.

பண்ணாரியம்மன் கோயிலில் எல்லா வண்டிகளும் சற்று நிற்கின்றன. லாரிக்காரர்கள் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டு, நெற்றியில் புற்றுமண்ணைப் பூசிக்கொண்டுதான் மலையேறுகிறார்கள். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு தடவை பார்த்தவர்கள் அந்தப் பக்தியில் உள்ள நியாயத்தை மறுக்கமாட்டார்கள். நீலகிரியின் காடுகளையும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் காடுகளையும் இணைக்கும் இடத்தில் சத்தியமங்கலம் வனம் இருக்கிறது. ஒரு பக்கம் முதுமலையும் பந்திப்பூரும், மற்றொரு பக்கம் பிலிகிரிரங்கன் மலையும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. 2008-இல் சரணாலயமாகவும், 2013-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட இந்த வனம் 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்புடையது. அதன் நடுவே நாம் ஒரு தேசிய நெடுஞ்சாலையை வைத்திருக்கிறோம். ராத்திரியில் மிருகங்கள் வண்டிகளில் அடிபட்டுச் சாவது பொறுக்காமல் உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி, 2022 பிப்ரவரியில் இந்தப் பாதையில் இரவுப் போக்குவரத்துத் தடை நடைமுறைக்கு வந்தது. அப்போது தாளவாடிக் குடியானவர்கள் கடைகளை அடைத்துப் போராடினார்கள் என்ற செய்தியைப் பத்திரிகையில் படித்து, இவர்களுக்கு ஜீவகாருண்யம் இல்லையே என்று எங்கள் தெருவில் ஒருவர் அங்கலாய்த்தது எனக்கு நினைவிருக்கிறது. சாயங்காலம் பறித்த காய் விடிவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேராவிட்டால் அதற்கு விலை கிடையாது என்பது அவருக்கும் தெரியாது. அன்றைக்கு எனக்கும் அது தோன்றவில்லை.

மலையேறும்போது குழந்தைகள் கண்டவற்றை அவர்கள் வாயால் கேட்பதே சுவாரஸ்யமாக இருந்தது. அடிவாரத்தில் புள்ளிமான் கூட்டமொன்று காதுகளை விறைத்துக்கொண்டு நின்றது. வளைவுச் சுவர்களின் மேல், கருத்த முகமும் நீண்ட வாலுமாக மந்திகள் உட்கார்ந்து, போகிற வண்டிகளை ஒரு கிரமத்தோடு சோதனை செய்துகொண்டிருந்தன. திம்பத்தைத் தாண்டி ஆசனூரை நெருங்கும் இடத்தில் காட்டெருமை ஒன்று, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை அணிந்த தோற்றத்தில், மேய்ச்சலை நிறுத்தாமலே எங்களை ஒரு பார்வை பார்த்தது. இவையெல்லாம் அழகுதான், ஆனால் இவற்றை வர்ணிக்க நான் முயலப் போவதில்லை. ஆசனூருக்கு அப்பால் மாநில எல்லையிலுள்ள காரப்பள்ளம் சோதனைச் சாவடிக்குச் சமீபத்தில் கண்ட காட்சி வேறு விதமானது.

தாளவாடி, சாமராஜநகர் பக்கங்களில் வெட்டிய கரும்பை ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலத்துச் சர்க்கரை ஆலைக்கு லாரிகள் இந்தச் சாலையில்தான் இறங்குகின்றன. அளவுக்கு மேல் ஏற்றிய கரும்பு வழியெல்லாம் சிந்துகிறது. சிந்தாததை லாரிக்காரர்களே சில சமயம் இழுத்துப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். போடக் கூடாதென்று வனத்துறை எச்சரித்துத்தான் வருகிறது. ஆனால் சாலையின் குறுக்கே ஒரு பிடியும் அதன் கன்றும் வந்து நின்றுகொண்டு, தாய் துதிக்கையை நீட்டி லாரியின் கட்டுக்கயிற்றைத் தடவிப் பார்க்கும் நேரத்தில், எந்த ஓட்டுநருக்கும் சட்டதிட்டங்கள் ஞாபகத்தில் இருப்பதில்லை. நாங்கள் போனபோதும் அதுவே நடந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. எல்லா ஜன்னல்களிலிருந்தும் கைபேசிகள் நீண்டன. பிடி சாவதானமாக ஒரு கட்டை உருவி, காலால் மிதித்துப் பிளந்து, கன்றுக்கு ஒரு பங்கு விட்டுத் தின்றது. என் குழந்தைகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன், ஆனந்தமாகவே இருந்தது. என் தாயார் மாத்திரம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "மகாலச்சுமியாட்ட இருக்குது, இதையப் போயி நடுரோட்டுல கையேந்த வெச்சுட்டாங்களே" என்றாள்.

காரப்பள்ளத்தைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் கொஞ்ச தூரம் போய்த்தான் மறுபடி தமிழ்நாட்டுத் தாளவாடிக்குத் திரும்ப வேண்டும். அதிகாரிகள் போட்ட கோடுகளை அந்தப் பூமி அவ்வளவு மதிப்பதில்லை. பேச்சிலும் அப்படியே, ஒரு வாக்கியம் தமிழில் புறப்பட்டுக் கன்னடத்தில் போய் முடிகிறது. வழியில் ஓர் ஊருக்கு முன்னால் சாலையின் பாதிக்குமேல் கொள்ளுச் செடியைக் காய்ந்தது காய்ந்தபடி பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரங்களில் நசுங்கிக் காய் வெடித்துக் கொள்ளு தனியாகப் பிரிந்துவிடும்; களத்துக்கும் மாட்டுக்கும் ஆளுக்கும் ஆகும் செலவு மிச்சம். இருசக்கர வாகனத்தில் போகிறவர்கள் சறுக்கி விழும் அபாயம் இதில் உண்டு என்பதால் இதை மெச்சிக்கொள்ள நான் துணியமாட்டேன். இருந்தாலும், ஓரமாக முறத்தோடு உட்கார்ந்திருந்த கிழவி, ஒதுங்கிப் போக முயன்ற எங்கள் காரைக் கையசைத்து நடுவில் வரச் சொன்னபோது என் மகளுக்கு உண்டான பெருமை கொஞ்சமல்ல. விவசாயத்துக்கு எங்கள் குடும்பம் செய்த முதல் சகாயம், சீட்டில் உட்கார்ந்தபடியே செய்தது அதுதான்.

மற்றதெல்லாம் குனிந்து செய்ய வேண்டிய காரியங்கள். பெரியவருடைய நிலம் மூன்று பக்கம் பிற தோட்டங்களும் ஒரு பக்கம் காடுமாக இருந்தது. ஆடி, ஆவணியில் மழையை நம்பி விதைத்த ராகி கார்த்திகை கடந்து கருஞ்சிவப்பாக முற்றி நின்றது. இடையிடையே அவரையும் துவரையும் கடுகும் சால் போட்டிருந்தார்கள். ராகியைக் கதிரோடும் தாளோடும் அடியில் அறுத்து, அரி அரியாகக் கிடத்தி, இரண்டொரு நாள் காய்ந்த பின் கட்டிப் போர் வைக்கிறார்கள்; அப்புறம் சௌகரியம்போலக் களத்தில் பரப்பிக் கல்லுருளையை ஓட்டிக்கொள்ளலாம். தானியம் மனிதருக்கு, தாள் மாட்டுக்கு. இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் அந்த வீட்டு அம்மாள் யோசித்துத்தான் பதில் சொல்வாள். என் தாயார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பண்ணையரிவாளை வாங்கியதும், பல வருஷங்களாக எங்கள் வீட்டுச் சமையலறை நாற்காலியில் மூட்டு வலியோடு உட்கார்ந்திருந்தவள் இவள்தானா என்ற சந்தேகம் எனக்கே வந்துவிட்டது. இடது கை தாளைச் சேர்த்துப் பிடிப்பதும் வலது கை அரிவாளை இழுப்பதும் ஒரே அசைவாக நடந்தன. அவளுடைய சாலில் அரி கலையாமல் கிடந்தது. என் சாலில் கிடந்ததைப் பெரியவரின் மருமகள் மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் மறுபடி அடுக்கிக்கொண்டே வந்தாள். குழந்தைகள் கட்டுகளைச் சுமந்தார்கள். சுனை அரித்து அழுதார்கள். மத்தியானம் சுடச்சுட ராகிக் களியும் அவரைக் குழம்பும் வந்ததும் அரிப்பை மறந்தார்கள்.

பொழுது இறங்கியதும் அந்த வீட்டின் முகமே வேறாகிவிட்டது. நாள் முழுவதும் வேலை செய்தவர்கள் படுக்கையைத் தேடும் வேளையில், பெரியவர் கம்பளியும் டார்ச் விளக்கும் தகர டப்பாவும் ஒரு பை வெடியுமாகக் கிளம்பினார். காட்டோரத்துப் புளியமரத்தில், கீழேயிருந்து துதிக்கைக்கு எட்டாத உயரத்தில், மூங்கிலால் பரண் கட்டியிருந்தது. கதிர் பால் பிடிக்கும் பருவத்திலிருந்து கடைசிக் கட்டு வீட்டுக்கு வந்து சேரும் வரை அவரும் அவர் மகனும் முறை வைத்துக்கொண்டு ராத்திரிகளை அதன்மேல்தான் கழிக்கிறார்கள். அகழி வெட்டியிருக்கிறது, மழையில் கரை சரிந்த இடத்தில் யானை மண்ணைத் தள்ளிக்கொண்டு இறங்கி ஏறிவிடுகிறது. சோலார் வேலி போட்டிருக்கிறது. காய்ந்த மரத்தை அதன்மேல் சாய்த்துவிட்டுக் கம்பியைத் தாண்டக் கற்றுக்கொண்ட யானைகள் உண்டு. ஆகையால் கடைசிக் காவல் மனிதனுடைய விழிப்புத்தான். சங்கப் பாட்டுகளில் தினைப்புனக் காவல் எவ்வளவு ரசமான விஷயம்! கபிலருடைய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பரணில் அமர்ந்து தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளை ஒலித்துக் கிளி கடிகிறார்கள். காதலும் அந்தக் காவலை ஒட்டித்தான் பிறக்கிறது. அது பகற்காவல். ராத்திரிக் காவலில் பனி மட்டுமே இறங்குகிறது. கம்பளியை ஊடுருவுகிற அந்தப் பனியில் நானும் பெரியவரோடு போய் உட்கார்ந்தேன். காட்டைப் பற்றி நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் தாழ்ந்த குரலில் பதில் சொன்னார். நடுநடுவே சட்டென்று நிறுத்திக் கேட்டார். கேட்டபின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அது வந்தது பின்னிரவில். பெரியவர் என் முழங்கையைத் தொட்டு, "வந்துட்டாருங்க" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தாளைப் பிடுங்கி மண்ணை உதறும் சத்தம் கேட்டது. டார்ச் வெளிச்சத்தில் ஒரு முதுகும் ஒரு கொம்பின் நுனியும் தெரிந்தன. தகரத்தைத் தட்டி, கூவி, வெடியைக் கொளுத்தி எறிந்த பிறகும் அந்த ஒற்றை ஆண் யானை உடனே போய்விடவில்லை. இஷ்டத்துக்குச் சற்று நின்று, நிலத்தின் குறுக்கே நடந்து, வேறொரு பக்கமாகக் காட்டுக்குள் இறங்கியது. பகலில் சாலையில் நின்று யானையைப் பார்த்தபோது எனக்கு உண்டான ஆனந்தத்தை அந்தப் பரணில் எங்கு தேடியும் காணவில்லை. பயம் என்றும் அதைச் சொல்ல முடியாது. மரத்தின் மேல் எனக்கு ஆபத்து ஒன்றுமில்லை. பக்கத்தில் இருந்த மனிதர் ஒவ்வொரு காலடிக்கும் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது இருட்டிலும் தெரிந்தது; அந்தக் கணக்கின் சமீபத்தில் உட்கார்ந்துகொண்டு ஆனந்தப்பட எவராலும் ஆகாது.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். தின்றது ஒரு மூலையில் கொஞ்சம். நடந்தது நிலத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை. அறுத்துக் கிடத்திய அரிகளெல்லாம் மண்ணோடு மண்ணாக அரைபட்டிருந்தன. "தின்னதக்கூட உட்றலாமுங்க தம்பி, மிதிச்சதுதான் ஈடு கட்ட மாட்டேங்குது" என்றார் பெரியவர். அவர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்லர். பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன புறநானூற்றுப் பாட்டை அவர் கேட்டிருக்க நியாயமில்லை. நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலத்தின் விளைச்சல் யானைக்குப் பல நாளைக்கு ஆகும், அதுவே தானாகப் புகுந்தால் நூறு வயலும் வாயில் போவதைவிடக் காலில் அழிவது அதிகம் என்று அந்தப் புலவர் எச்சரித்தது வரி வாங்குகிற அரசனை. உவமையின் அழகை வியந்து நாம் உரை எழுதிக்கொண்டிருக்கிறோம்; அந்த உவமை பிறப்பதற்கு முன்னால் எத்தனை விடியல்களில் எத்தனை பேர் மிதிபட்ட வயலின் வரப்பில் இப்படி நின்றிருக்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றிற்று. ராஜாக்கள் போய்விட்டார்கள். உவமானம் மட்டும் இன்னும் வயலுக்குள் வந்து போய்க்கொண்டிருக்கிறது.

யானையைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 கிலோ தீனி வேண்டும். தின்றதில் பாதிகூட அதற்குச் செரிப்பதில்லை. உண்ணிச் செடியும் சீமைக் கருவேலும் காட்டுக்குள் பரவிப் புல்லை அடக்கிவிட்டன. 1980-களின் தொடக்கத்தில் இதே சத்தியமங்கலம், சாமராஜநகர்க் காடுகளில் யானைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த ராமன் சுகுமார், பயிரில் புகுவதில் ஆண் யானைகள் பெண் யானைகளைவிட மிகவும் முன்னிற்பதைக் கண்டு எழுதியிருக்கிறார். காட்டுப் புல்லைவிட விளைந்த ராகியில் சத்து அதிகம். நன்றாகத் தின்று உடல் தேறிய ஆண் யானைக்கே இணை சேரும் போட்டியில் வெற்றி. ஆகவே உயிருக்கு வரக்கூடிய ஆபத்தையும் பொருட்படுத்தாமல் அது வயலுக்கு வருகிறது என்பது அவருடைய விளக்கத்தின் சாரம். அதாவது, நம் பெரியவர் விதைத்த ராகி, அடுத்த தலைமுறை யானைகளின் பிறப்பிலும் ஒரு பங்கு வகிக்கிறது. ஆசிய யானைகள் உலகத்திலேயே மிக அதிகமாகச் சேர்ந்து வாழ்வது நீலகிரியைச் சுற்றிய இந்தப் பிரதேசத்தில்தான் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோமே, அந்தப் பெருமைக்குத் தீனி போட்டவர்களுடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

நஷ்ட ஈடு உண்டு. சிட்டாவும் அடங்கலும் புகைப்படமும் வைத்து மனுக் கொடுக்க வேண்டும். அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும். அழிந்த பயிரை மதிப்பிட வேண்டும். இதற்காக அலைகிற நாட்களின் கூலியைக் கழித்துப் பார்த்தால் மனுப் போடாமல் இருப்பதே லாபம் என்ற முடிவுக்குச் சின்னக் குடியானவர்கள் பல பேர் வந்துவிடுகிறார்கள். அழிந்த பயிருக்காவது மனுவில் ஓர் இடம் இருக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை தூங்காமல் இருந்த ராத்திரிகளை எழுத அதில் இடமே கிடையாது. பயிர் தப்பித்த வருஷத்திலும் அந்தத் தூக்கம் போனது போனதுதான். யானை வராத ராத்திரியிலும் வரும் என்று விழித்தாக வேண்டும். பெரியவருடைய மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விடப் போவதாக என்னிடம் தனியாகச் சொன்னான். நிலம் விளையவில்லை என்பது காரணமல்ல, ராத்திரியில் வீட்டில் படுக்க வேண்டும் என்பதே காரணம். காட்டோரமாக இருக்கும் பகுதியில் அடுத்த போகத்துக்கு ராகியை விட்டுவிட்டுச் செண்டுமல்லி வைக்கலாமென்று அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். தின்னாது, மிதிக்கத்தான் செய்யும், ஆனாலும் தேடி வராது என்பது கணக்கு. செண்டுமல்லியை மாடும் தின்னாது என்று அந்த வீட்டு அம்மாள் அடுப்படியிலிருந்து சொன்னாள்.

திரும்பி வரும் வழியில் மறுபடி யானைகளைக் கண்டோம். ஆசனூர்ப் பக்கம், சாலைக்குச் சற்று உள்ளே, ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. வண்டியை நிறுத்தாமல் போனேன். குழந்தைகள் கேட்டதற்கு, நின்றால் அவற்றுக்குத் தொந்தரவு என்று சொன்னேன். அது வாஸ்தவம்தான், ஆனால் முழுக் காரணம் அதுவல்ல. என் மகன் மாத்திரம், "அதுல ராத்திரி தாத்தா காட்டுக்கு வந்தது இருக்குமாப்பா?" என்று கேட்டான். கூட்டத்தில் பெரிய கொம்பன் எதுவும் தென்படவில்லை.

காட்டு மிருகங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. இரவுத் தடையும் வேண்டியதுதான். ஆனால் காப்பாற்றும் செலவில் பெரும்பங்கை மழையை நம்பி ராகி விதைக்கிறவன் தலையில் வைத்துவிட்டு, தரிசனத்தின் பலனை மட்டும் நகரத்திலிருந்து போகிற நாம் வாங்கிக்கொள்வது நியாயமல்ல. அழிந்த பயிருக்கான தொகை அடுத்த விதைப்புக்கு முன் கைக்கு வர வேண்டும். பரண் காவலைக் கூலி வேலையாகக் கணக்கில் எடுத்து அதற்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். சரிந்த அகழியை மழை முடிந்ததும் செப்பனிட வேண்டும். அந்தச் சாலையில் வண்டியை நிறுத்தி யானையைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்க வேண்டும். குடியானவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.